பனங்கட்டிக் குட்டானும் காலைச் சீனியும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஃபிளாட் என்பதால் எங்கள் வீட்டில் விடியற்காலையில் முதலில் கேட்பது ரயில் சத்தம், அடுத்தது அம்மாவின் விரலில் ஊசி குத்துகிற அந்தச் சின்ன 'டக்'. போன மாதம் ஒரு நாள் இரவு படுக்கும்போது இரத்தச் சீனி பார்க்கும் மெஷின் காட்டியது 128. காலையில் 161. இடையில் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன் என்று அம்மா சத்தியம் பண்ணுகிறார்.

நானும் அக்காவும் உடனே என்ன செய்தோம் தெரியுமா? குசினிக்குப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து மாமி அனுப்பிய பனங்கட்டிக் குட்டான்களை, அதாவது குட்டிப் பனையோலைப் பெட்டியில் வரும் கருப்பட்டியை, எண்ணினோம். வந்ததும் பன்னிரண்டு, இருந்ததும் பன்னிரண்டு. அப்படியும் நம்பாமல் டின்னை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தோம்.

பிறகு டொக்டரிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ஆழ்ந்து தூங்கும்போது மூளைக்குக் கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஓமோனை விடுகிறது, விடியும் நேரத்தில் கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஓமோனும் ஏறுகிறது. இரண்டுமே இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. ஈரல் சேமித்த குளுக்கோசை வெளியே விடும், தசை அதை வாங்கத் தயங்கும். கணையம் நன்றாக உள்ளவருக்குக் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் வந்து சமாளித்துவிடும். அம்மாவுடையது பதினைந்து வருடமாகக் களைத்த கணையம், சமாளிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, இதற்குப் பிறகுதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. அதே வளர்ச்சி ஓமோன் ஈரலுக்குப் போய் இன்னொன்றைச் சுரக்க வைக்கிறது, ஐஜிஎஃப்-1, அதாவது இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், இதில் 70, உருவத்தில் கிட்டத்தட்டக் கூடப்பிறந்தவர்கள். 1978இல் ரிண்டர்க்னெக்ட், ஹும்பெல் என்ற இரண்டு பேர் இதன் அமைப்பை முழுதாக வாசித்தபோது இந்த உறவு வெட்டவெளிச்சமானது. தசைக்குள் குளுக்கோசை அனுப்பும் வேலையை இதுவும் செய்யும். ஆக, தாயான வளர்ச்சி ஓமோன் சீனியை ஏற்றுகிறாள், அவள் பிள்ளையான ஐஜிஎஃப்-1 இறக்குகிறது!

அப்படியென்றால் இரத்தத்தில் இன்சுலினைவிடப் பல மடங்கு அதிகமாக ஓடும் இந்தச் சாமான் நம்மையெல்லாம் மயங்கி விழ வைக்க வேண்டுமே? விழ வைப்பதில்லை, ஏனென்றால் இதைப் பிடித்துக் கட்டி வைக்க ஆறு வகைப் புரதங்கள் இருக்கின்றன, சுதந்திரமாகத் திரிவது நூற்றில் ஒரு பங்களவுதான். ஈரலிலும் கொழுப்பிலும் இதற்கான வாசலும் மிகக் குறைவு.

தாயா பிள்ளையா, யார் கை ஓங்கும்? அக்ரோமெகலி என்ற வருத்தத்தில் வளர்ச்சி ஓமோன் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து கையும் தாடையும் பெருக்கும். அவர்களுக்கு ஐஜிஎஃப்-1 உம் கூடத்தான், ஆனாலும் நீரிழிவு வருவது சாதாரணம். இதற்கு நேர் எதிர், எக்குவடோரின் தெற்கு மலைக் கிராமங்களில் வாழும் லாரோன் நோய்க்காரர்கள். வளர்ச்சி ஓமோன் உடம்பில் இருந்தும் அதை வாங்கும் ஏற்பி பழுது, அதனால் ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு, ஆள் கட்டை, உடம்பில் கொழுப்பும் அதிகம். நம் ஊர்க் கணக்குப்படி இவர்களுக்குச் சீனி வருத்தம் கட்டாயம் வர வேண்டும். 2011இல் வெளியான ஆய்வில், அவர்களிடையே நீரிழிவே காணப்படவில்லை. பிள்ளை இல்லாததைவிடத் தாயின் தொல்லை இல்லாததுதான் அங்கே பெரிதாக வேலை செய்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதைப் படித்துக்கொண்டிருந்த அதே வாரம் ஜிம்முக்குப் போகிற ஒன்றுவிட்ட தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு சின்னப் போத்தலின் படம் அனுப்பினான். "அண்ணா, ஐஜிஎஃப் ஊசி, மசில் வைக்குமாம், எடுக்கட்டா?" மருந்தாக இது இருக்கிறது, மெகாசெர்மின் என்று பெயர், ஐஜிஎஃப்-1 கடுமையாகக் குறைந்து வளராமல் நிற்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ 20 நிமிடத்துக்குள் போட வேண்டும், பிள்ளை சாப்பிடாவிட்டால் அந்த வேளை ஊசியே போடக்கூடாது, சீனி தடாலென்று விழுந்துவிடும். வெறும் வயிற்றில் ஜிம்முக்குப் போகும் இவனுக்கு இதை எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரவு அவன் அம்மாவுக்கே போன் பண்ணிவிட்டேன், காட்டிக்கொடுப்பவன் என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கும் இதெல்லாம் விளங்கப்படுத்தினேன், தாய் பிள்ளைக் கதை உட்பட. பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே முழுதையும் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் என்னைக் கள்ளியெண்டு நினைச்சிருக்கிறியள்."

"சொறி அம்மா."

"சரி, அந்த டின்னை இறக்கு. ஒரு குட்டான் தா."

தரவில்லை. மத்தியானம் வரை என்னோடு கதைக்கவில்லை.