ஸ்ரீவைகுண்டம் கிடைக்கவில்லை

108 திவ்ய தேசங்களைப் பற்றி நண்பனின் தந்தை எழுதிய புத்தகத்துக்குச் சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப்பெயரைத் தேட வேண்டும், வரும் பக்க எண்களைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டேன். தேடினால் நான்கு இடங்கள் வந்தன. நவதிருப்பதி அத்தியாயத்தைப் புரட்டினாலோ பக்கத்துக்குப் பக்கம் அந்த ஊர் கண்ணெதிரே நிற்கிறது. தேடல் அதைப் பார்க்காமலே தாண்டிப் போகிறது.

தேடப் பயன்படுத்திய மென்பொருளை முந்தின நாள்தான் புதுப்பித்திருந்தேன். அதைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு உடனே எழுதினேன்: "அவசரம்! புதுப்பித்த பிறகு தமிழில் தேடல் வேலை செய்யவில்லை. சரிசெய்யவும்." திரையை போனில் படம்பிடித்து அதையும் இணைத்தேன்.

இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தது எதுவுமே அதில் இல்லை. தேடல் வேலை செய்யாமலா நான்கு இடங்களைக் காட்டியது? "புதுப்பித்த பிறகு" என்பதும் என் ஊகம். புதுப்பிக்கும் முன் அந்தச் சொல்லை நான் தேடியதே இல்லை. பதில் போட்டவர் பாவம், அதை நம்பிவிட்டார். பழைய பதிப்பை நிறுவிப் பார்க்கச் சொன்னார். அதிலும் அதே நான்கு. ஒரு நாள் போயிற்று.

அப்புறம் அவர் கேள்விகளாக அடுக்கினார். விண்டோஸா, லினக்ஸா? எந்த விசைப்பலகை? தேடும் சொல்லைத் தட்டினீர்களா, வேறெங்கிருந்தாவது எடுத்து ஒட்டினீர்களா? நவதிருப்பதி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தது யார்? எனக்கு எரிச்சல்தான் வந்தது. தேடலுக்கும் தட்டச்சு செய்தவருக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் ஒரு வரி: "படம் உதவாது, எழுத்தே வேண்டும். கிடைக்கும் சொல் ஒன்று, கிடைக்காத சொல் ஒன்று, இரண்டையும் புதுக் கோப்பில் ஒட்டி அனுப்புங்கள்."

சரி என்று உட்கார்ந்து, இந்த முறை இப்படி எழுதினேன்: "விண்டோஸ் 10, தமிழ்99 விசைப்பலகை. இணைத்த கோப்பில் இரண்டே வரிகள், இரண்டிலும் ஸ்ரீவைகுண்டம். கோப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டி, எல்லாவற்றையும் தேடச் சொன்னேன். இரண்டு வரும் என்று எதிர்பார்த்தேன், முதல் வரி மட்டும் வந்தது. நோட்பேடிலும் இப்படியே. முதல் வரி நான் தட்டியது. இரண்டாவது, நூலாசிரியர் தன் போனில் தட்டியது."

நோட்பேடில் சோதித்தது யாரும் சொல்லி அல்ல. இவ்வளவு சொல்கிறோமே, இதையும் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அந்த வரியை எழுதும்போதே குற்றவாளி மென்பொருள் இல்லை என்று எனக்கு உறைத்துவிட்டது.

அரைமணியில் பதில் வந்தது: "இரண்டு வரியிலும் ஸ்ரீக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள்." அழுத்தினேன். முதல் வரியில் ஸ்ர என்று ஆனது. இரண்டாவதில் ஶ்ர! அந்த ஶவை நான் அதுவரை உற்றுக்கூடப் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். ஶ என்ற எழுத்து, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர்ந்ததே 2005-ல், 4.1 பதிப்பில். அதுவரை ஸ்ரீயை ஸ், ரீ என்றுதான் யூனிகோடில் சேமித்தார்கள். அதன் பிறகு ஶ், ரீ என்ற வரிசை பரிந்துரையானது. பழையதும் போகவில்லை. எழுத்துருக்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே உருவமாகவே காட்டும். போட்டோவில் என்ன தெரியும்? தேடலுக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நான் ஏற்கெனவே முடித்திருந்த பதிவுகளும் அரைகுறைதான் என்று அப்போதுதான் புரிந்தது.

நூலாசிரியருக்கு போன் செய்து சொன்னேன். "அப்போ நான் அடிச்சது தப்பாப்பா?" என்றார்.

"இல்லை மாமா, முறைப்படி பார்த்தா உங்க ஸ்ரீதான் சரி" என்றேன். இரண்டு நாளாக என்னுடையதைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.