5 மில்லிமீட்டர் மனிதர்: தஞ்சைப் பெரிய கோயிலை நேரில் உட்கார்ந்து வரைய

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் உயர்ந்த கட்டடத்தை, முதன்முதலாக வரைகிறவர்களின் ஏட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே பிழைதான் கண்ணில் படும். சிற்பம், கூடு, தூண் என எல்லாம் இருக்கும். உயரம் மட்டும் இருக்காது. ஊர்க்கோடிச் சிறு கோயில் மாதிரி ஒன்று தாளில் உட்கார்ந்திருக்கும். காரணம் எளிது. வேலைப்பாட்டை வரைந்தால் கட்டடம் வந்துவிடும் என்று நினைக்கிறோம், அது வராது. ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த அந்த விமானம் பிரம்மாண்டமாகத் தெரிவது அளவுகளாலும் நிழலாலும்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. விமானத்தின் உயரம் 216 அடி என்பார்கள். ஐந்தரை அடி மனிதரைப்போல் சுமார் 40 மடங்கு. ஏ4 தாளை நெட்டாக வைத்து விமானத்தை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரைந்தால், அதன் அடியில் நிற்கிறவர் 5 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஒரு புள்ளித் தலை, ஒரு கோட்டு உடம்பு, அவ்வளவே. அங்கே ஒன்றரை சென்டிமீட்டரில் ஒருவரை நிறுத்தினால் விமானம் 73 அடிக்குச் சுருங்கிவிடும். பிறகு எத்தனை சிற்பம் செதுக்கினாலும் உயரம் திரும்ப வராது.

எங்கே உட்காருவது என்பது அடுத்தது. உட்பிராகாரம் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். விமானம் மேற்குப் பாதியில் நிற்கிறது. தெற்கிலோ வடக்கிலோ மதிலோரம் நேர் எதிரே உட்கார்ந்தால் விமானத்தின் சுவர் 45 மீட்டரில் இருக்கும். உச்சி அதற்கும் 15 மீட்டர் உள்ளே, அதைப் பார்க்க ஏறக்குறைய 48 பாகைக்குத் தலையை அண்ணாந்தாக வேண்டும். கழுத்து வலிப்பது இருக்கட்டும், ஒவ்வொரு தடவை அண்ணாரும்போதும் கோணம் மாறி மேல்தளங்கள் நசுங்கிப்போகும். உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம், அதாவது 130 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உச்சிக்கு 27 பாகைதான்; தலையை ஆட்டாமலே முழுசும் கண்ணுக்குள் அடங்கும். அந்தத் தூரம் கிழக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். நேர்நடுவில் நந்தி மண்டபம் மறைக்கும் என்பதால் தென்கிழக்கு மூலையோ வடகிழக்கு மூலையோதான் சரி. வடகிழக்கில் அம்மன் சந்நிதி குறுக்கே வரும், கொஞ்சம் நகர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எந்த மூலை என்பதை மாதம் முடிவு செய்யும். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அதனால் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க நேர்வெயில் கிடையாது. வடக்குச் சுவர்தான் ஒளியில் இருக்கும். மார்கழி, தையில் நேர்மாறு. தை மாதப் பிற்பகலில் தென்கிழக்கு மூலையில் உட்கார்ந்தால் தெற்கு முகம் பொன்னிறத்தில், கிழக்கு முகம் நிழலில். இரண்டு முகமும் இப்படிப் பிரிந்து நின்றாலே பாதிப் படம் முடிந்த மாதிரி. தெற்கு மதிலின் நிழல் உள்பக்கம் விழுவதால் அதை ஒட்டி உட்கார இடமும் கிடைக்கும். கோடையில் இதையே வடகிழக்கிலிருந்து செய்யலாம். காலையில் கிழக்கு முகத்தில் நேராக வெயில் அடிக்கும்போது வரைவது வீண்வேலை. தளத்துக்குத் தளம் வேறுபாடே தெரியாது, அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி வரும்.

(விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்கிறார்கள். தை மாதம் நாலு மணிக்கு வந்து பாருங்கள். வடகிழக்கே பிராகாரத்தில் நீளமாகக் கிடக்கும்.)

இனி பென்சில். 2பி போதும். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்தி அளக்கும் பழைய முறைதான். முழங்கை மடங்கினால் அளவு பொய்யாகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முதலில் அடித்தள அகலம், பிறகு மொத்த உயரம். அடித்தளம் ஏறத்தாழ 30 மீட்டர்ச் சதுரம். ஒரு முகத்தை மட்டும் நேராகப் பார்த்தால் உயரம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதல். மூலையிலிருந்து இரண்டு முகம் தெரியும்போது அகலம் கூடித் தோன்றும், அதைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். அளவெடுக்கக் கருவி வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். 1792இல் தஞ்சைக்கு வந்து இந்தக் கோயிலை வரைந்த ஆங்கில ஓவியர்கள் டேனியல்கள், தாமஸும் வில்லியமும், தங்கள் பயணங்களில் கேமரா அப்ஸ்குராவை, அதாவது காட்சியைத் தாளில் விழவைத்துக் கோடிழுக்க உதவும் இருட்டுப் பெட்டியை, பயன்படுத்தியவர்கள்தான். ஆனால் போன் படத்தைப் பார்த்து வரைவது வேறு. கிட்ட நின்று போனை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்ந்துவிடும், அந்தச் சாய்வு அப்படியே படத்துக்கும் வரும்.

கண்மட்டக் கோட்டை மெல்லிதாகப் போட்டுவிடுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கண் முக்கால் மீட்டரிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சமதரையில் நிற்கும் பெரியவர் யாராக இருந்தாலும், கிட்டே நின்றாலும் எட்ட நின்றாலும், அந்தக் கோடு அவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே ஓடும். கூட்டத்தைச் சரியாக நிறுத்த இந்த ஒரு விதி போதும். கட்டடத்துக்கும் அதே கோடுதான் ஆதாரம். அதற்கு மேலே இருக்கிற தளக் கோடுகள் எல்லாம் விலகிப் போகப்போக அதை நோக்கிச் சரியும், உச்சிக்குப் போகப்போகச் சரிவு கூடும். மேல்தளங்களைப் படுக்கையாகப் போடுவதுதான் பலர் செய்வது. அப்படிப் போட்டால் விமானம் தலையில் தட்டை வைத்த மாதிரி ஆகும்.

விளிம்பிலும் கவனம் வேண்டும். தஞ்சை விமானத்தின் ஓரம் ஏறக்குறைய நேர்கோடாகவே ஏறுகிறது. அதை உள்வளைத்தால் அது கங்கைகொண்ட சோழபுரத்து விமானம். கீழே செங்குத்தாக நிற்கும் இரண்டு அடுக்குச் சுவர், அதன்மேல் 13 தளம், பிறகு கழுத்து, சிகரம், கலசம். தளங்கள் மேலே போகப்போகக் குள்ளமாகும். சம இடைவெளியில் 13 கோடு போட்டுவிட்டு அதற்குள் நிரப்பப் பார்த்தால் ஏணிதான் கிடைக்கும். சிகரம் எட்டுப் பட்டை கொண்டது, உருண்டைப் பந்து இல்லை. பட்டை மடியும் இடங்களில் நிழல் மாறுவதைக் காட்டினால் போதும், அது தானாக எட்டுப் பட்டையாகிவிடும்.

ஒவ்வொரு தளத்திலும் வரிசையாக இருக்கும் குட்டிக் கோயில்களை மூன்று வடிவமாக மட்டும் பாருங்கள்: மூலையில் சதுரமான கர்ணகூடம், நடுவில் நீளமான சாலை, இடையில் ஒடுக்கமான பஞ்சரம். ஒளியும் நிழலும் சந்திக்கிற மூலையில் நாலைந்து தளத்துக்கு மட்டும் இவற்றை ஒழுங்காக வரையலாம். வெயில் பக்கம் கபோதத்தின் (வெளியே நீட்டிய வளைந்த கூரை விளிம்பின்) அடிநிழலுக்கு விட்டுவிட்டு ஒரு கோடு. நிழல் பக்கம் அதுகூட வேண்டாம், பிறகு பூசும் நீர்வண்ணம் பார்த்துக்கொள்ளும். மிச்சத்தைப் பார்க்கிறவரின் கண் நிரப்பிக்கொள்ளும். எல்லாவற்றையும் வரைந்தே தீருவேன் என்பவர்கள் ஒரு கோஷ்டத்தை (சுவரில் சிலை நிற்கும் மாடத்தை) மட்டும் தனியாக, கிட்டே உட்கார்ந்து வரைவது உத்தமம்.

சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். ஆகவே நிழலின் எல்லையைத் தொடக்கத்திலேயே பென்சிலால் குறித்துவிட்டு, அதன்பின் அது எங்கே போனாலும் துரத்தக் கூடாது. ஒன்றரை மணி நேரம் இருந்தால் 10 நிமிடம் உள்ளங்கை அளவில் ஒரு முன்வரைவு, 25 நிமிடம் பென்சில், 25 மை, மீதி வண்ணம். முன்வரைவைத் தவிர்த்தவர்களுக்குத்தான் கலசம் தாளுக்கு வெளியே போகும்.

மை தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும். மைக்ரான் மாதிரி பிக்மென்ட் மைப் பேனாவில் 0.1, 0.3, 0.5 மூன்றும் போதும். சாதாரண ஃபவுன்டன் பேனா மையின்மேல் தூரிகை பட்டால் விமானமே நீலமாக ஓடும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு). 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் கோட்டோவியத்துக்குச் சரி, தண்ணீர் பட்டால் அலையலையாக எழும். நாலு பைண்டர் கிளிப் மறக்காதீர்கள், பிராகாரத்தில் காற்று உண்டு.

கருங்கல் என்று பெயர் இருப்பதால் கறுப்பைத் தொட வேண்டாம். டப்பாவிலிருக்கும் கறுப்பைப் போட்டால் கல் செத்துப்போகும். வெயில் பக்கத்துக்கு யெல்லோ ஓக்கரில் (மண்மஞ்சள்) துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), நிறையத் தண்ணீர். அது நன்றாகக் காய்ந்தபின் நிழல் முகம் முழுவதற்கும் அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, நீலம் சற்றுத் தூக்கலாக, ஒரே இழுப்பில். இந்த நிழல் ஒரே பூச்சாக விழ வேண்டும். திட்டுத் திட்டாகப் போட்டால் முகம் உடைந்துவிடும். வெயில் காலத்தில் பாதி பூசுவதற்குள் ஓரம் காய்ந்து கறை மாதிரிக் கோடு விழும். தேவைக்கு இரண்டு மடங்கு வண்ணம் முன்கூட்டியே கலந்துகொண்டு, தூரிகையைப் பெரிதாக, 10 அல்லது 12ஆம் எண்ணாக எடுத்தால் தப்பிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை வேறு: எதுவுமே காயாது. அப்போது மையோடு நிறுத்திக்கொண்டு, வண்ணத்தின் பெயர்களை ஓரத்தில் குறித்துவந்து அறையில் பூசுவதே நல்லது. வானத்தை வெயில் பக்க விளிம்பை ஒட்டி அழுத்தமாகவும் நிழல் பக்கம் வெளிறியும் போட்டால் விமானம் முன்னால் வரும்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் காலுறை, தடித்த துண்டு இரண்டும் பையில் இருக்கட்டும். பதினோரு மணிக்கு மேல் தரை சுடும். முக்காலி, ஸ்டாண்ட் எதுவும் வேண்டாம், வழியை மறைக்கும். மதியம் நடை சாத்தும் நேரத்தை நுழையும்போதே கேட்டுவிடுங்கள். தூரிகை கழுவிய தண்ணீரை மூடியுள்ள பாட்டிலிலேயே வெளியே கொண்டுபோங்கள், பிராகாரத்தில் கொட்டக் கூடாது. எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களும் வரைவார்கள், நமக்கும் வேலை நடக்கும்.

படத்தின் மூலையில் மாதம், மணி, உட்கார்ந்த இடம் மூன்றையும் எழுதிவையுங்கள். அதே மூலைக்கு ஆனியில் வந்தால் தெற்கு முகம் நிழலில் கிடக்கும். அப்போது எந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும் என்பதை இந்தக் குறிப்பே சொல்லும்.