பயறுக்கு முந்திப் பனை

ஜூலை 6, 2025, ஞாயிறு

தாராவியில் நாங்கள் பேசும் தமிழைச் சேர்த்துவரும் என் விக்கியில் 412 பக்கம் ஆகிவிட்டது. தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தா திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த வாரியல் (துடைப்பம்) இருக்கிறது, இங்கே வந்து ஒட்டிக்கொண்ட கோலியும் (அறை) நாக்காவும் (தெருமுனை) இருக்கின்றன. எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும் சாதாரண எழுத்துக் கோப்புகள். நியோவிம் என்ற எடிட்டரில், விக்கிக்கான விம்விக்கி செருகியைப் போட்டுத் திறக்கிறேன். முன்பக்கத்துக்கு அகராதி வரிசையில் ஓர் அட்டவணை வேண்டும், கோப்பைச் சேமித்ததும் அது தானாக மாற வேண்டும். கையால் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

அதற்கான ஸ்கிரிப்ட்டை எந்த நிரல்மொழியில் எழுதுவது? விம்விக்கியே எடிட்டரின் சொந்த மொழியான விம்ஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டதுதான். லுவாவும் நியோவிமுக்குள்ளேயே இருக்கிறது. நண்பன், “பைத்தான் இருக்கும்போது என்னடே யோசன” என்கிறான்.

ஜூலை 8

விம்ஸ்கிரிப்ட் ஒரு ராத்திரிதான் தாங்கியது. இரண்டு சொல் சமமா என்று கேட்டால், ஆங்கிலத்துப் பெரிய எழுத்து சின்ன எழுத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை எடிட்டரின் செட்டிங் முடிவு செய்கிறது. தமிழுக்கு அதில் நஷ்டமில்லை. ஆனாலும் அந்தப் பயத்தோடு எழுத எனக்கு ஆகாது.

ஜூலை 10

பைத்தானில் ஆறே வரி, பட்டியல் வந்துவிட்டது. பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

“பயறுக்கு முந்தி பன எப்படிலே வரும்? ய ர ல வ ழ ள ற ன. ன கடைசில்லா!”

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு, இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியீட்டின் அடுக்கைப் பின்பற்றியதில் வந்த வினை இது. எல்லா இந்திய எழுத்துக்கும் பொதுவாகப் போட்ட அடுக்கு அது. ந பக்கத்தில் ன, ர பக்கத்தில் ற, ல ள ழ எல்லாம் முடிந்த அப்புறம்தான் வ. பைத்தான் அந்த எண்ணைப் பார்த்தே அடுக்குகிறது. புள்ளியின் எண்ணோ எல்லா மெய்க்கும் பின்னால், அதனால் பக்கத்தை முந்திக்கொண்டு பகல் வருகிறது. சொற்களுக்குத் தானாக இணைப்புக் கொடுக்கப் பார்த்தால் இன்னும் மோசம். பைத்தானோடு வரும், சொல் தேடும் கருவியான ரெகெக்ஸுக்குக் கொம்பும் புள்ளியும் எழுத்தில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு.

லுவா யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அது எழுத்தை எண்ணாமல், கணினி அதைச் சேமிக்கும் பைட்டை எண்ணுகிறது. ‘தமிழ்’ லுவாவுக்கு 15, குறிகளைத் தனியாக எண்ணும் பைத்தானுக்கு 5, அம்மாவுக்கு 3.

ஜூலை 13

ஐசியு என்ற நிரல் நூலகத்துக்குத் தமிழ் வரிசை தெரியும். பைத்தானில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். என் பழைய மடிக்கணினி மூன்று முறையும் பிழைச்செய்தியைத் துப்பியது. ஆக, வரிசையை நானே எழுதியாக வேண்டும். அப்படி என்றால் பைத்தான் எதற்கு? லுவா எடிட்டருக்குள்ளேயே கிடக்கிறது, சேமிக்கும்போது கூப்பிட ஒரு வரி போதும். 1993-இல் ரியோ டி ஜெனிரோ பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த மொழி, போர்த்துகீசியத்தில் ‘நிலா’ என்று பொருள். பட்டியலை 0-இலிருந்து இல்லை, 1-இலிருந்து எண்ணும். நம் ஆள்தான்.

கணக்கு இப்படி: உயிருக்கு 1 முதல் 12, ஆய்தத்துக்கு 13. அப்புறம் ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று இடம்: முதலில் புள்ளி, அடுத்து அகரம், பிறகு கால் கொம்பு எல்லாம். க் 14, க 15, கா 16 என்று போய் கடைசியில் னௌ 247-இல் நின்றது. நான் திட்டமிடவில்லை, பள்ளியில் மனப்பாடம் செய்த எண்ணே வந்து நின்றது. குடிசைக்கு இங்கே சொல்லும் ஜோப்படியை என்ன செய்வது? ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் வாலில் கட்டிவிட்டேன்.

ஜூலை 20

அட்டவணையில் ‘கோலி’ இரண்டு தடவை. கண்ணுக்கு ஒன்றேதான். பழைய கோப்பில் ஓகாரம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக இருந்திருக்கிறது. பைத்தானில் இதைச் சேர்த்துவைக்கத் தயாராக ஒரு வசதி உண்டு, இங்கே நம் பாடு. ஒ, ஓ, ஔ மூன்றுக்கும் மூன்று வரி மாற்று எழுதினேன். லுவாவை எடுத்ததற்கு நான் முணுமுணுத்தது அந்த ஒரு முறைதான்.

ராத்திரி அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பயறு, பனை. வரிசையில் குறை சொல்லவில்லை.

“வாரியல் கெடக்கு, சரி. சொளவு எங்கலே?”

ஸ்கிரிப்ட்டைக் கட்டிக்கொண்டு அழுததில் இரண்டு வாரமாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. 413-ஆவது பக்கம்: சொளவு (முறம்).