கொள்ளிடம் தாண்டி ஒரு பந்தல்

தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறோம் என்று அம்மா நேர்ந்துகொண்டார். அவருக்கு மூட்டுவலி. அதனால் காவிச் சேலை கட்டி, ஜெபமாலை போட்டு, புதுச்சேரியிலிருந்து எங்கள் பங்குக் கோயில் ஜனங்களோடு நான் கிளம்பினேன். ஆகஸ்ட் 29 திருவிழாக் கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

கடலூர், சிதம்பரம் எல்லாம் பாட்டும் ஜெபமுமாகக் கடந்துவிட்டது. கொள்ளிடம் பாலம் தாண்டியதும் பாதத்தில் கொப்புளம் உடைந்து, அடி எடுத்து வைக்க முடியவில்லை. சாலையோரம் பக்கத்து ஊர்ப் பங்கு மக்கள் போட்ட பந்தலிலிருந்து "வாங்க, உக்காருங்க" என்று குரல் வந்தது. வயதான ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தாரும் சேறும் அப்பிய கால். "வேணாம்மா" என்று இழுத்தேன், விடவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சால் ஒற்றி, மருந்து போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார்.

"யாருக்கும்மா வேண்டுதல்?"

"தம்பிக்கு."

"பேரைச் சொல்லு. ராத்திரி ஜெபமாலையில சேத்துக்கறேன்."

அந்தக் கட்டு காரைக்கால் வரை அவிழவே இல்லை.

ஒரு பையன் இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொடுத்தான். மாதா வேளாங்கண்ணியில் காட்சி தந்த கதைதான் நினைவுக்கு வந்தது. அங்கே நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மாதா தன் மகனுக்கு மோர் கேட்டார். குளத்தடியில் பால் கொண்டுபோன சிறுவனிடம் பால் கேட்டார். பரலோக ராணி கேட்கிறவராக வந்தார், கொடுத்ததோ ஏழைப் பிள்ளைகள். அந்த வழியில் இன்னும் அதே ஜனங்கள்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாகூர், நாகப்பட்டினம் கடந்து வேளாங்கண்ணிக்குள் நுழைந்தால் ஒரே நெரிசல். ரூம் தரகர்கள் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். மெழுகுவர்த்திக்கு வாய்க்கு வந்த விலை. நாள் கணக்காக நடந்து வந்தவர்கள் என்ற இரக்கம் கொஞ்சம்கூட இல்லை. வழியெல்லாம் காசு வாங்காமல் சோறு போட்டவர்களைப் பார்த்துவிட்டு வந்ததால் மனசு ரொம்பக் கசந்தது.

மணலில் முழங்காலிட்டு மாதா குளம் வரை போய், அப்புறம் கோயிலுக்குள் வந்தேன். பட்டுச் சேலையில், கையில் குழந்தை இயேசுவோடு என் தாய்! பின்னால் தள்ளுகிறார்கள், நிற்கக்கூட முடியவில்லை. தம்பிக்காகச் சொல்ல நினைத்திருந்த ஜெபம் ஒன்றும் வரவில்லை. "அந்த அம்மாவைப் பாத்துக்கோ தாயே, அந்தப் பையனைப் பாத்துக்கோ" என்றுதான் வாய் சொன்னது. கண்ணீர் நிற்கவே இல்லை.

தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். மாதாவே, கோடி நன்றி! எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) பேசி, சென்னைப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்களுக்காக இந்த வருஷம் எங்கள் தெருமுனையில் பந்தல் போடுகிறோம். தயிருக்கு உறை ஊற்றுவது அம்மா. வெந்நீர், உப்பு, பஞ்சு, கால் மருந்து எல்லாம் தம்பி பொறுப்பு. அந்த வழியாக வருகிறவர்கள் கூச்சப்படாமல் உட்கார்ந்து, காலை நீட்டிவிட்டுப் போங்கள். மரியே வாழ்க!