நீல பெல்ட்டுக்கு அப்புறம்

பிரேசிலிய ஜியு ஜிட்ஸுவில், அதாவது எதிராளியைத் தரையில் மடக்கிப் பிடிக்கும் தற்காப்புக் கலையில், ஆட்கள் பயிற்சியை விட்டுக் காணாமல் போவது தொடக்க நிலையான வெள்ளை பெல்ட்டில் மட்டுமல்ல, அடுத்ததான நீலம் கட்டிய கையோடும்தான். காரணம் எனக்குப் புரிகிறது. நீலம் வரும்வரை கண்ணெதிரே ஒரு இலக்கு இருக்கும், அது கைக்கு வந்ததும் ஊதா எங்கோ தூரத்தில். ஐபிஜேஜேஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பெரியவர்கள் நீலத்தில் 2 வருடம், ஊதாவில் ஒன்றரை, பழுப்பில் 1 வருடம் இருந்தாக வேண்டும், அதுவும் குறைந்தபட்சம்தான், நடைமுறையில் கருப்பு பெல்ட்டுக்கு 10 வருடம் ஆவது சகஜம். பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் உற்சாகம் வற்றத்தான் செய்யும்.

நான் ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இப்போது சைட் கன்ட்ரோலில் இருந்து, அதாவது எதிராளி பக்கவாட்டில் மேலே படுத்து அமுக்கும் பிடியில் இருந்து, தப்பிப்பது. எதிராளியின் கழுத்துக்கு அடியில் முன்கையை நுழைத்து, இடுப்பைத் தூக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, முழங்காலை நடுவில் சொருக வேண்டும். ரோலிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எத்தனை முறை தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினேன் என்ற கணக்கெல்லாம் கிடையாது, முழங்கால் உள்ளே போனதா இல்லையா, அவ்வளவுதான். போன வாரம் என்னைவிட 20 கிலோ கூடுதலான ஆள் மேலே படுத்து மூச்சு முட்டவைத்த நேரத்தில் அது போயிற்று பாருங்கள், அன்றைக்கு வேறெதுவுமே சரியாக வரவில்லை என்பது உறைக்கவே இல்லை.

அப்புறம், சோம்பலான நாளில் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கவே இடம் கொடுக்கக் கூடாது. கி என்ற பயிற்சி உடையை முதல் நாள் இரவே பையில் வைத்துவிடுவேன். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் டிரில் மட்டும் செய்துவிட்டு ரோல் பண்ணாமல் திரும்பினாலும் கணக்கில் சேரும். விரல் மூட்டு வீங்கியிருந்தால் வீரம் காட்ட மாட்டேன், பேசாமல் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களைப் பார்ப்பேன்.