பரங்கிமலை தொகுதி: தேவாலயம் ஒருவழியாக மலையேறியது

என் கணினி வரைபடத்தில் மூன்று வாரமாக இடம் மாறி நின்று முரண்டுபிடித்த பரங்கிமலைத் தேவாலயம் நேற்றிரவு மலை உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. 1967 சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகளை வரைபடமாக வரைந்து வருகிறேன், அதில் என்னை முடக்கிப்போட்டது பரங்கிமலை. 1967, 1971 இரண்டு தேர்தலிலும் எம்.ஜி.ஆர். வென்ற தொகுதி. 1977 பட்டியலில் ஆலந்தூர் இருக்கிறது, பரங்கிமலை இல்லை.

ஸ்கேன் செய்த பழைய சர்வே தாளை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துவதில்தான் அத்தனை வம்பும். முதலில் இன்றைய செயற்கைக்கோள் படத்தில் தெரியும் இடங்களைப் பிடிமானப் புள்ளிகளாக வைத்தேன். அவற்றில் ஒன்று கத்திப்பாரா. 2008இல் மேம்பாலம் வந்த பிறகு அந்தச் சந்திப்புக்கு நடு எது? நான் குத்திய புள்ளி அடையாற்றையே ரப்பர் போல இழுத்துவிட்டது. அழித்தேன். அடுத்து, தாளில் அச்சிட்டிருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் எடுத்தேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் காட்டிய பிழை அரை பிக்சல்கூட இல்லை. ஆனால் தேவாலயம் நூறு மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளி நிற்கிறது! ரயில் பாதையும் கூடவே நகர்ந்திருந்தது.

காரணம் அற்பம். அந்தத் தாள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி உருவக் கணக்கில் வரைந்தது, நானோ ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கைக் கொடுத்திருந்தேன். மாற்றிய மறுநொடி எல்லாம் இடத்துக்கு வந்தது. 1802இல் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் தன் நில அளவைக்கு, மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான அடிக்கோட்டை அளந்ததே இந்தப் பரங்கிமலையை ஒட்டித்தான். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர்தான் அந்த நீள்வட்டத்தின் பெயரில் இருக்கும் எவரெஸ்ட். வேறு எந்த ஊரில் மறந்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

ஸ்கேன் செய்த கடைக்காரர் தாளை மடிப்பை நீவாமலே உருளையில் விட்டுவிட்டார். பல்லாவரத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அடுத்த தாளுக்கு வேறு கடை.

அட்டவணையில் 1967 வரிசையை மட்டும் நிரப்பிவிட்டேன்: வித்தியாசம் 27,674 வாக்கு. ஜனவரி 12இல் சுடப்பட்டு, கழுத்துக் கட்டோடு மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆர். வாங்கிய வெற்றி. சுவரொட்டியிலும் அதே கட்டுதான்.

எல்லைக் கோடு இன்னும் மூடவில்லை. தொகுதி எல்லைகளை வகுத்த மறுவரையறை ஆணை குறுவட்டத்தையும் ஊர்ப் பெயர்களையும் அடுக்கிவிட்டுப் போய்விடுகிறது. 1961 கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்க வேண்டும். தெற்குப் பக்கம் ஏழு ஊர் பாக்கி. அதற்குள் 1957இன் இரட்டை உறுப்பினர் தொகுதிகளுக்கு ஒரு கோப்புறை திறந்துவிட்டேன். ஒரே எல்லைக்குள் இரண்டு உறுப்பினர்களுக்கு என்ன நிறம் பூசுவது என்றுதான் இரண்டு நாளாக யோசனை.