வேலை போனால் கார்டும் போகும்

வெளிநாட்டில் வேலைக்குச் சேரும்போது சம்பளம், லீவு, விமான டிக்கெட் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். "மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டு" என்று எச்.ஆர். சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த கவர், அதாவது இன்சூரன்ஸ் பாதுகாப்பு, எந்தத் தேதியில் முடியும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு, வெளிநாடு வந்த பிறகுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டிலேயே நடந்தது. பிறகு ஆட்குறைப்பில் வேலை போனது. சொந்தமாக பாலிசி எடுக்கப் போனார். நேற்றுவரை இன்சூரன்ஸே பணம் கட்டிய அதே சர்க்கரை, புது விண்ணப்பத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' ஆகிவிட்டது. "சர்க்கரைக்கும் அதன் தொடர்பான பாதிப்புகளுக்கும் கவர் கிடையாது" என்று பாலிசியில் ஒரு வரி. கண், சிறுநீரகம், கால் புண் எல்லாமே அந்த ஒரு வரிக்குள் வந்துவிடும். அதைப் படித்தபோது எனக்கே பகீரென்றது.

பெரிய கம்பெனிகள் ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குழு பாலிசியில் பெரும்பாலும் பழைய நோயைப் பார்ப்பதில்லை. தனிநபர் பாலிசியில் பார்ப்பார்கள். அதனால் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே, மருத்துவக் கேள்வி இல்லாமல் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று இன்சூரன்ஸ்காரர்களிடம் கேளுங்கள். கவர் இருந்ததற்கான சான்றிதழையும் கிளெய்ம் விவரத்தையும் கையோடு வாங்கி வையுங்கள்.

சில நாடுகளில் சட்டமே வழி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 'கோப்ரா' என்ற சட்டத்தின் மூலம் பழைய கம்பெனி பாலிசியைப் பொதுவாக 18 மாதம் தொடரலாம். ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும். பிரீமியம் கையைக் கடிக்கும். ஜப்பானில் கம்பெனி இன்சூரன்ஸை 2 வருடம் வரை நீட்டிக்கலாம், ஆனால் 20 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை போன பதற்றத்தில் அந்த 20 நாள் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

"நோயை எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று சொல்லும் ஏஜென்டுகள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. மறைத்தது தெரிந்தால் கிளெய்மை மறுப்பார்கள், பாலிசியையே ரத்து செய்யவும் செய்வார்கள். அண்ணன் உள்ளதை உள்ளபடி எழுதினார். சர்க்கரையை விலக்கித்தான் பாலிசி கிடைத்தது. ஆனாலும் விபத்துக்கும் மற்ற நோய்களுக்கும் கவர் இருந்தது. அடுத்த வேலை கிடைத்து அங்கே குழு பாலிசியில் சேரும்வரை மாத்திரைக்கு மட்டும் கைக்காசு போட்டார்.